காவலும் கணக்கும்

ஒரு மனிதனைப் பிடித்து, அவனுடைய கைகளைக் கட்டி, கதவுக்குள் அடைத்து வைக்கும் உரிமை அரசு ஒன்றுக்கு மட்டுமே உண்டு. வேறு எவர் அதனைச் செய்தாலும் அது குற்றமாகும். இவ்வுரிமையை அரசின் பெயரால் நாள்தோறும் கையாளுபவர் பொலிஸாரும் சிறைக் காவலருமே ஆவர். அவர்கள் ஒருவனைக் காவலில் ஏற்றுக்கொண்ட அக்கணமே இரண்டு கடமைகள் அவர்கள்மீது சுமத்தப்படுகின்றன. அவனைத் தப்பிப் போகவிடாது வைத்திருத்தல் ஒன்று. அவனுக்கு ஊறு நேராது வைத்திருத்தல் மற்றொன்று. நீதிமன்றம் கேட்கும் நாளில் அவனை உயிரோடும் உறுப்புக் குறையாமலும் கொண்டுவந்து நிறுத்துதல் வேண்டும். அடைக்கலமாகப் பெற்ற பொருளைத் தொலைப்பவனும் பிழை செய்தவனே, அதனை உடைத்துத் திருப்பித் தருபவனும் பிழை செய்தவனே.

காவலிலிருந்த கைதி ஒருவன் தப்பியோடினான் என்ற செய்தி எந்த நாட்டிலும் மக்களைக் கலங்கச் செய்கின்றது. கதவைத் தாழிடும் பெண்களும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும், சாட்சி சொன்னதனால் அஞ்சி வாழ்வோரும் அச்செய்தியால் அன்றிரவு உறக்கம் இழக்கின்றனர். மறுநாள் காலையில் எழும் முதற் கேள்வி, அவனை விட்டவர் யார் என்பது. அதற்குப் பெரும்பாலும் உடனடியாக ஒரு விடையும் கிடைத்து விடுகின்றது. அன்று கடமையிலிருந்த காவலர் ஒருவரின் பெயர் வெளிவருகின்றது. அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்படுகின்றார். அதனோடு கோப்பு மூடப்படுகின்றது. ஆனால் கேள்விக்கு உண்மையான விடை கிடைத்ததா என்பதை ஆராய்வதற்கு, ஐரோப்பாவில் பெல்ஜியம் என்னும் சிறிய நாட்டில் 1998ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

அச்சம்பவத்தை விளங்கிக் கொள்வதற்கு அந்நாட்டின் அக்காலப் பொலிஸ் அமைப்பை ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம். பெல்ஜியத்தில் அந்நாளில் மூவகைப் பொலிஸ் படைகள் இருந்தன. முதலாவது ஜென்டார்மரி எனப்படும் தேசியப் படை. இராணுவத்தின் ஓர் அங்கமாகத் தோன்றி வளர்ந்த அது, 1992ஆம் ஆண்டிலேதான் இராணுவத் தன்மை நீக்கப்பெற்று உள்நாட்டு மந்திரியின் பொறுப்பின் கீழ் வந்தது. இரண்டாவது, அந்தந்த நகரபிதாவின் கீழ் இயங்கிய நகர சபைப் பொலிஸ். அந்நாட்டில் அன்று இருந்த 589 நகர, கிராம சபைகளும் தத்தம் எல்லைக்குள் இப்படையை நடத்தி வந்தன. மூன்றாவது, வழக்குத் தொடுநர் அலுவலகங்களோடு இணைந்து குற்றங்களைத் துப்பறிந்து வந்த நீதித்துறைப் பொலிஸ். ஒரு வீட்டுக்கு மூன்று காவற்காரரை வைத்தால் காவல் மூன்று மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. ஒரு படைக்குத் தெரிந்த செய்தி மற்றொரு படைக்குத் தெரியாமற் போனது. தெரிந்தவர்களும் அதனைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டனர்.

இந்தப் போட்டியின் விளைவை அந்நாட்டு மக்கள் மிகக் கொடிய முறையில் அறிய நேர்ந்தது. மார்க் டுட்ரூ என்பவன் சிறுமியரைக் கடத்திச் சென்று வன்கொடுமை புரிந்த குற்றத்துக்காக 1989ஆம் ஆண்டிலேயே தண்டிக்கப்பட்டவன். பதின்மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவன், 1992ஆம் ஆண்டிலேயே விடுதலை பெற்று வெளியே வந்தான். 1995ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுமியர் இருவரும், அதன் பின்னர் இளம்பெண்கள் இருவரும் காணாமற் போயினர். ஜென்டார்மரிப் படைக்கு டுட்ரூவின்மீது சந்தேகம் இருந்தது. அப்படை அவனை இரகசியமாகக் கண்காணித்தும் வந்தது. எனினும் சிறுமியர் காணாமற் போனது பற்றி விசாரணை நடத்திவந்த நீதவானுக்கு அப்படை தான் அறிந்தவற்றை முழுமையாகத் தெரிவிக்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அவனுடைய வீடு சோதனையிடப்பட்டது. நிலவறையில் அடைக்கப்பட்டிருந்த சிறுமியரின் குரல் சோதனையிட்டோர் காதில் விழுந்தது. அது தெருவில் விளையாடும் பிள்ளைகளின் குரல் என்று கருதி அவர்கள் திரும்பிச் சென்றனர். அச்சிறுமியர் உயிருடன் மீட்கப்படவில்லை.

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆந் திகதி டுட்ரூ கைது செய்யப்பட்டான். இரண்டு நாட்களின் பின்னர், அவனுடைய வீட்டு நிலவறையிலிருந்து வேறு இரு சிறுமியர் உயிருடன் மீட்கப்பட்டனர். பின்னர் தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் நாட்டையே நடுங்கச் செய்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி, ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் தலைநகராகிய பிரஸெல்ஸ் நகர வீதிகளிற் கூடினர். வெள்ளை ஆடையும் வெள்ளைப் பூக்களும் வெள்ளை நிறப் பலூன்களும் ஏந்தி அவர்கள் அமைதியாக நடந்தனர். கட்சிக் கொடி எதனையும் முன்வைக்காத அவ்வூர்வலம் வெண்ணிற ஊர்வலம் என்று பெயர் பெற்றது. தம் பிள்ளைகளைக் காக்க வேண்டிய பொலிஸும் நீதித்துறையும் ஏன் தவறின என்பதற்குக் கணக்குச் சொல்லுங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது.

பாராளுமன்றம் மார்க் வெர்வில்கென் என்னும் உறுப்பினரின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழுவின் அமர்வுகள் பகிரங்கமாக நடத்தப்பட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பொலிஸ் உத்தியோகத்தரும் நீதவான்களும் மக்கள் முன்னிலையில் வினாக்களுக்கு விடை கூறினர். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, படைகளுக்கிடையே நிலவிய போட்டியையும் அசட்டையையும் விரிவாக எடுத்துக் காட்டி, அவற்றை ஒன்றிணைக்குமாறு கூறிற்று. நோய் இன்னதென்று கண்டறியப்பட்டது. மருந்தும் எழுதித் தரப்பட்டது. ஆயினும் மருந்து அருந்தப்படவில்லை. ஒவ்வொரு படைக்கும் ஆதரவாளர் இருந்தனர். நகரபிதாக்கள் தம் அதிகாரம் குறைவதை விரும்பவில்லை. ஜென்டார்மரி தன் பழம்பெருமையை இழக்க விரும்பவில்லை. பேச்சுவார்த்தைகளிலேயே ஓராண்டு கழிந்தது.

இந்நிலையிலேதான் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி வந்தது. டுட்ரூ அப்பொழுது நாட்டின் தென்கிழக்கிலுள்ள ஆர்லோன் நகரச் சிறையில் வைக்கப்பட்டிருந்தான். குற்றஞ் சாட்டப்பட்டவன் தனக்கெதிரான வழக்கேட்டைப் படித்துப் பார்ப்பதற்குச் சட்டம் உரிமை அளித்திருந்தது. அவ்வுரிமையின்படி அவன் நெப்ஷாத்தோ என்னும் சிற்றூரிலுள்ள நீதிமன்றக் கட்டடத்துக்கு அடிக்கடி அழைத்துச் செல்லப்பட்டு வந்தான். அங்கு அவன் கைவிலங்கின்றி அமர்ந்து ஏடுகளைப் படிப்பான். ஜென்டார்மரிக் காவலர் இருவர் உடனிருப்பர். அன்றும் அவ்வாறே நடந்தது. காவலருள் ஒருவர் சற்று அகன்ற வேளையில், அவன் மற்றவரைத் தாக்கி அவருடைய கைத்துப்பாக்கியைப் பறித்துக் கொண்டான். படிகளில் இறங்கி வீதிக்கு ஓடி, ஒரு மோட்டார் வண்டியைக் கைப்பற்றி மறைந்தான்.

நாட்டில் அனைவராலும் மிகவும் வெறுக்கப்பட்ட கைதி, நடுப்பகலில் நீதிமன்றத்திலிருந்து நடந்து வெளியேறினான் என்ற செய்தி வானொலியில் ஒலித்தபோது மக்கள் அடைந்த அதிர்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஹெலிகொப்டர்கள் பறந்தன. அயல்நாடுகளின் எல்லைகள் உஷார்ப்படுத்தப்பட்டன. ஆர்டென் காட்டுப் பகுதியில் வண்டியை விட்டு இறங்கிய அவனை, சில மணி நேரத்தின் பின்னர் ஒரு வனக் காவலர் கண்டுகொண்டார். அவருடைய அறிவிப்பின் பேரில் அவன் மீண்டும் பிடிபட்டான். அவன் சுதந்திரமாக இருந்தது ஒரு பிற்பகற் பொழுதுக்கு மேற்படாது. அவ்வளவு நேரத்தில் அவனால் எவருக்கும் உயிர்ச்சேதம் நேரவில்லை. இதனைக் கொண்டு, பெரிய தீங்கொன்றும் நிகழவில்லையே, எதற்கு இத்தனை ஆரவாரம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லவில்லை.

அன்று மாலையே நீதி மந்திரி ஸ்டெஃபான் டெ கிளெர்க், உள்நாட்டு மந்திரி யொஹான் வாண்டெ லனொட்டெ ஆகிய இருவரும் தம் பதவிகளை இராஜிநாமாச் செய்தனர். சில நாட்களின் பின்னர் ஜென்டார்மரிப் படையின் தளபதி வில்லி டெரிடர் என்பவரும் பதவி விலகினார். ஒரு கைதி சில மணி நேரம் தப்பியிருந்ததற்காக இரண்டு மந்திரிமாரும் ஒரு படைத் தலைவரும் பதவி துறந்தமை உலகின் பல பாகங்களிலும் வியப்போடு நோக்கப்பட்டது.

இம்மந்திரிமார் அன்று நெப்ஷாத்தோவில் இருந்தவர்கள் அல்லர். காவலரை அறையை விட்டு அகலுமாறு பணித்தவர்களும் அல்லர். அவ்வாறாயின் அவர்கள் பதவி விலகியது எந்த நியாயத்தின்படி? இங்கே குற்றம், பொறுப்பு என்ற இரு சொற்களையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். குற்றம் என்பது செய்தவனைச் சார்ந்தது. பொறுப்பு என்பது பதவியைச் சார்ந்தது. அதிகாரத்தின் பயனை அனுபவிப்பவர் அதன் பிழையின் சுமையையும் தாங்க வேண்டும் என்பதே பொறுப்பாட்சியின் அடிப்படை. அவ்விருவரும் தனிப்பட்ட முறையில் இழிவடைந்தனர் என்று எவரும் கொள்ளவில்லை. வாண்டெ லனொட்டெ மறு ஆண்டிலேயே அரசாங்கத்தில் மீண்டும் இடம்பெற்றார். டெ கிளெர்க் பத்தாண்டுகளின் பின்னர் அதே நீதி மந்திரிப் பதவியை மீண்டும் வகித்தார்.

தமிழ் மக்களுக்கு இக்கருத்துப் புதியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, தீர விசாரியாது, காவலரை ஏவினான். கோவலனை வெட்டியவன் காவலருள் ஒருவன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். எனினும் உண்மை வெளிப்பட்டபோது அரசன் அவ்விருவரையும் சுட்டிக்காட்டித் தான் ஒதுங்கிக் கொள்ளவில்லை. பழியைத் தானே ஏற்று அரியணையிலேயே உயிர் துறந்தான். ஆனால் அக்காப்பியம் அவ்வளவில் முடிந்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. அரசன் இறந்த பின்னரும் மதுரை எரிந்தது. மேலிருப்பவர் பழியை ஏற்பது பெருமைக்குரியது. எனினும் அதனால் மட்டும் ஊர் காப்பாற்றப்படுவதில்லை.

பெல்ஜியத்தில் நிகழ்ந்தவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது இராஜிநாமாக்களுக்குப் பின்னர் நடந்ததேயாகும். அப்பொழுது பிரதம மந்திரியாக இருந்தவர் ஜான்-லூக் டெஹானெ. அரசாங்கக் கட்சிகள் நான்கும் எதிர்க்கட்சிகள் நான்கும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தன. ஓராண்டாக முடியாதிருந்த பேச்சு ஒரு மாதத்துள் முடிந்தது. எட்டுக் கட்சிகள் கூடிச் செய்தமையால், எட்டுக் கைகளையுடைய கடல்வாழ் உயிரின் பெயரால் அது ஒக்டோபஸ் உடன்படிக்கை என வழங்கலாயிற்று. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நிறைவேறியது. அதன் பயனாக அவ்வாண்டு டிசெம்பர் 7ஆந் திகதி, இரு மட்டங்களைக் கொண்ட ஒன்றிணைந்த பொலிஸ் சேவையை அமைக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின்படி ஜென்டார்மரி என்னும் படையே கலைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு தொடக்கத்தில் சமஷ்டிப் பொலிஸ் தோன்றியது. ஊர்களில் இருந்த ஜென்டார்மரிப் பிரிவுகளும் நகர சபைப் பொலிஸும் ஒன்றுசேர்ந்து 196 வலயங்களாகத் தொகுக்கப்பட்டன. ஒரு நகரமோ அயலிலுள்ள சில நகரங்களோ சேர்ந்த ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு பொலிஸ் தலைவர் என்ற முறை 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதே உடன்படிக்கையின் வழியாக நீதித்துறைக்கு ஓர் உயர் சபையும் ஏற்பட்டது. நீதவான்களின் நியமனத்தில் கட்சிச் செல்வாக்கைக் குறைப்பதும், நீதித்துறை பற்றிய முறைப்பாடுகளை ஆராய்வதும் அதன் பணிகளாயின. செலவு மிகுந்தது என்று நகர சபைகள் முறையிட்டன. சம்பளத் திட்டம் குறித்துப் பொலிஸார் பிணங்கினர். எனினும் ஒரு படை அறிந்ததை மற்றொரு படை அறியாதிருந்த பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்று கோருவார் அரியர்.

பொலிஸாரின் நடத்தையைக் கவனிப்பதற்கு அந்நாட்டில் வேறோர் ஏற்பாடும் இருந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் பொலிஸ் சேவைகளை மேற்பார்வை செய்யும் நிலையான குழு ஒன்று நிறுவப்பட்டிருந்தது. இக்குழு எந்த மந்திரிக்கும் கீழ்ப்பட்டதன்று. பாராளுமன்றத்துக்கே அறிக்கை செய்வது. பொலிஸைப் பற்றிய விசாரணையைப் பொலிஸே நடத்தினால், தோழனைக் காக்கும் இயல்பும் படையின் பெயரைக் காக்கும் ஆசையும் உண்மையை மறைக்கக்கூடும். மந்திரி நடத்தினால், தம் ஆட்சியின் குறையை அவரே வெளியிடத் தயங்கக்கூடும். ஆதலின் விசாரிப்பவர் விசாரிக்கப்படுபவரின் கீழோ மேலோ இல்லாது புறத்தே நிற்பது இன்றியமையாதது. பொலிஸுக்கும் அது நன்மையே. பிழை செய்யாத உத்தியோகத்தர்மீது வீண்பழி விழும்போது அவரை விடுவிக்கும் தீர்ப்பை, தன் பக்கத்தவர் தந்தால் மக்கள் நம்பார். புறத்தவர் தந்தால் நம்புவர்.

கைதி தப்பிய பின்னர் நடத்தப்படும் விசாரணை எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை நெப்ஷாத்தோச் சம்பவத்தைக் கொண்டே வகுத்து நோக்கலாம். முதலாவது, அன்று அந்த அறையில் நடந்தது என்ன என்பது. காவலர் கட்டளைக்கு மாறாக நடந்தாரா, அல்லது கட்டளைப்படியே நடந்தும் கைதி தப்பினானா என்பது இதனால் தெளிவாகும். இரண்டாவது, கட்டளையே சரியாக இருந்ததா என்பது. ஆபத்து மிக்க கைதிக்கு எத்தனை காவலர், எவ்வகை அறை, எவ்வகை வாயில் என்பவற்றைத் தீர்மானித்தவர் காவலர் அல்லர், அவர்களுக்கு மேலிருந்தவரே. மூன்றாவது, பழக்கத்தினால் விளைந்த அசட்டை. ஒரே கைதி ஒரே வழியாக, ஒரே அறைக்கு, பலமுறை தீங்கின்றிச் சென்று வந்தால், காவலின் கூர்மை தானே மழுங்கிப் போகின்றது. காவலர் பழகிப் போகின்றனர். கைதியோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கின்றான். இம்மழுக்கத்தைக் கண்டு திருத்துவதற்கென்றே மேற்பார்வையாளர் இருக்கின்றனர். அவர்கள் கடைசியாக எப்பொழுது நேரில் வந்து பார்த்தனர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. நான்காவது, முன்னரே எச்சரிக்கை ஏதும் கிடைத்து அது கோப்பில் உறங்கிற்றா என்பது. ஐந்தாவது, கைதியோடு காவலருக்கோ வெளியாருக்கோ உடந்தை இருந்ததா என்பது.

அசட்டையினால் தப்பவிடுவதும் வேண்டுமென்றே தப்பவிடுவதும் ஒன்றல்ல. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் தண்டனைக் கோவைகள் இவ்விரண்டையும் வெவ்வேறு குற்றங்களாகவே வகுத்திருக்கின்றன. கையூட்டுப் பெற்றுக் கதவைத் திறந்தவருக்கும், இரவும் பகலும் ஓய்வின்றிக் கடமை செய்து கண்ணயர்ந்தவருக்கும் ஒரே தண்டனை அளித்தல் நீதியாகாது. பின்னவர் வழக்கில், அவரை அத்துணை நேரம் கடமையில் வைத்தவரும் விடைசொல்ல வேண்டியவர் ஆகின்றார். அடியிலுள்ள ஒருவரைத் தண்டித்து மேலுள்ள குறையை விட்டுவிட்டால், அடுத்து அவ்விடத்துக்கு வரும் காவலரும் அதே குறையில் தடுக்கி விழுவார்.

இனி, இக்கதையின் மற்றொரு பாகத்தையும் நோக்குதல் வேண்டும். கைதி தப்பியோடினான் என்ற அவமானம் ஒரு படையின் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டால், இனி எவரும் நம் கையிலிருந்து நழுவக்கூடாது என்ற மூர்க்கம் அங்கே தோன்றக்கூடும். பதவி விலகிய உள்நாட்டு மந்திரியின் இடத்துக்கு லூயி டொபாக் என்பவர் வந்தார். அவர் பதவியேற்று ஐந்து மாதங்கள் கழிந்தன. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, அடைக்கலம் கோரி வந்து மறுக்கப்பட்ட நைஜீரிய நாட்டுப் பெண் ஒருவர், பிரஸெல்ஸ் விமான நிலையத்தில் விமானமொன்றில் ஏற்றப்பட்டார். அவருக்கு வயது 20. அவர் போக மறுத்துக் குரல் எழுப்பினார். அவரை அடக்கும்பொருட்டு, ஜென்டார்மரிக் காவலர் அவருடைய முகத்தைத் தலையணையொன்றில் அழுத்திப் பிடித்தனர். மூச்சடைத்து நினைவிழந்த அப்பெண் அன்றிரவே மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அத்தலையணை முறை காவலர் தாமாகக் கண்டுபிடித்ததன்று. அக்காலத்து விதிகள் அதற்கு இடமளித்திருந்தன. அப்பெண்ணின் மரணம் நாட்டை மீண்டும் கொதிப்படையச் செய்தது. சில நாட்களுள் டொபாக்கும் பதவி விலகினார். தலையணை முறை கைவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அக்காவலருள் நால்வர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றனர். அது போதிய தண்டனையா என்ற விவாதம் அதன் பின்னரும் ஓயவில்லை.

இவ்வாறு ஒரே ஆண்டில், ஒரே படையின் காவலில், இரண்டு பிழைகள் நிகழ்ந்தன. ஏப்ரல் மாதத்தில், இறுகப் பிடிக்க வேண்டியவனை அப்படை தளர விட்டது. செப்டெம்பர் மாதத்தில், குற்றமொன்றும் செய்யாத பெண்ணை உயிர் போகும்வரை இறுகப் பிடித்தது. முன்னதற்காக இரு மந்திரிமாரும் பின்னதற்காக ஒரு மந்திரியும் பதவி துறந்தனர். காவலின் இரு கடமைகளும் சமமானவை என்பதை அந்நாட்டின் பொது வாழ்வு ஏற்றுக்கொண்டதற்கு இது சான்றாகும். கைதியைத் தப்பவிட்டவர் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் கைதியைக் கொன்றவர் விளக்கம் தந்தாற் போதும் என்ற எண்ணம் நிலவும் இடத்தில் சட்டத்தின் ஆட்சி நிலைபெறுவதில்லை.

உலக வரலாற்றில் இவ்வெண்ணத்துக்கு ஒரு பெயரே உண்டு. ஸ்பெயின் நாட்டிலும், போர்பிரியோ டியாஸ் ஆண்ட காலத்து மெக்ஸிக்கோவிலும், கைதிகளை வெளியே அழைத்துச் சென்று சுட்டுவிட்டுத் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. மக்கள் அதனைக் கசப்போடு ஓட்டச் சட்டம் என்று அழைத்தனர். நாஜிகள் ஆண்ட ஜெர்மனியின் சித்திரவதை முகாம்களிலும் இதே வாசகம் மரணப் பதிவேடுகளில் இடம்பெற்றது. தப்பியோட முயன்றான் என்ற சொல் ஒரு கொலையை மூடும் போர்வையாக எளிதில் ஆகிவிடும். ஆகையினாலேயே, கைதி தப்பினாலும் தப்ப முயன்று இறந்தாலும், இரண்டும் ஒரே கூர்மையோடு விசாரிக்கப்பட வேண்டும் என்பது வற்புறுத்தப்படுகின்றது.

இவ்விடயத்தில் உலக நாடுகள் வகுத்த நெறிகளும் இருக்கின்றன. சட்டத்தை அமுல்நடத்தும் உத்தியோகத்தர் துப்பாக்கியைப் பயன்படுத்துவது பற்றி 1990ஆம் ஆண்டு ஹவானா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஒன்று கோட்பாடுகளை வகுத்தது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடியவன் தப்பியோடுவதைத் தடுக்கவும், அதுவும் கடுமை குறைந்த வேறு வழிகள் பயன்படாத நிலையிலேயே, துப்பாக்கியை எடுக்கலாம் என்பது அக்கோட்பாடு. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, நெல்சன் மண்டேலாவின் பெயரால் சிறைக்கைதிகளை நடத்துவதற்கான விதிகளைத் திருத்தி ஏற்றது. இடம் மாற்றும் வேளையில் தப்பாதிருக்கக் கைவிலங்கு போன்றவற்றைப் பூட்டலாம் என்றும், நீதிமன்றத்தின் முன்னிலையில் நிற்கும்போது அவை அகற்றப்பட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. விலங்கு காவலுக்கு உரியது. தண்டனைக்கு உரியதன்று என்பதே இதன் கருத்து.

டுட்ரூ தப்பியதைக் கண்ட சிலர், இத்தகையவனுக்கு வழக்கேட்டைப் படிக்கும் உரிமை எதற்கு என்று கேட்டனர். அக்கேள்வி ஆத்திரத்தில் பிறந்தது. அவனைத் தப்பவைத்தது உரிமையன்று. உரிமையை நிறைவேற்றும் முறையில் இருந்த அசட்டையே. சிறைக்குள்ளேயே பாதுகாப்பான அறையொன்றில் ஏட்டின் பிரதியை வைத்திருந்தால் உரிமையும் பிழைத்திருக்கும், காவலும் பிழைத்திருக்கும். உரிமையைப் பறிப்பது மேலதிகாரிக்கு எளிது. ஏனெனில் அதற்குக் கட்டடமோ ஆளணியோ பணமோ வேண்டுவதில்லை. காவலைத் திருத்துவதோ உழைப்பைக் கோருவது. பொறுப்பை உணர்ந்த ஆட்சி இரண்டாவது வழியையே தெரிந்துகொள்ளும்.

தப்பியோடும்போது இழைத்த குற்றங்களுக்காக டுட்ரூவுக்கு 2000ஆம் ஆண்டில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவன்மீதான பெருவழக்கு 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆர்லோன் நகரில் தொடங்கியது. அவனுடைய பிடியிலிருந்து மீண்ட பெண்கள் நீதிமன்றத்தில் அவன் முன்னிலையிலேயே சாட்சி பகர்ந்தனர். ஜூன் மாதத்தில் ஜூரிமார் அவனைக் குற்றவாளியெனக் கண்டனர். ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. அவன் காட்டிலே சுடப்பட்டு இறந்திருந்தால் அந்தச் சாட்சியம் கேட்கப்பட்டிராது. அவன் எல்லை கடந்து மறைந்திருந்தாலும் அது கேட்கப்பட்டிராது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் எட்டாண்டு காத்திருந்தது அவ்விசாரணைக்காகவே.

ஆகவே, காவல் என்பது கைதியின்பொருட்டு மட்டும் உள்ளதன்று. தீங்கிழைக்கப்பட்டோர் தம் வழக்குக்குத் தீர்ப்பைப் பெறுவதற்காகவும் அது உள்ளது. காவலில் வைக்கப்பட்டவன் தப்பினால், அவர்கள் பெறவேண்டிய நீதியும் அவனோடு தப்பி ஓடுகின்றது. அவன் காவலிலே மடிந்தால், அந்நீதியும் அவனோடு புதைக்கப்படுகின்றது. எந்த நாட்டிலேனும் ஒரு கைதி பொலிஸாரின் கையிலிருந்து நழுவினான் என்ற செய்தி வரும்போது, மக்கள் கேட்க வேண்டியது ஒரு காவலரின் பெயரை மட்டுமன்று. அவருக்குக் கட்டளையிட்டவர் யார், அதனை மேற்பார்வை செய்தவர் யார், விசாரணை நடத்துபவர் யார், அறிக்கை என்று வெளிவரும், அதன்படி மாற்றப்பட்டது எது என்பவற்றையும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு வெளிப்படையாக விடை கூறும் பொலிஸ் படை மக்களின் மதிப்பை இழப்பதில்லை. விடை கூறாது மறைக்கும் படையோ, அடுத்த கைதி தப்புவதற்கு முன்னரே அதனை இழந்து விடுகின்றது.